‘பிகினர் ட்ரெக்’ என்று பர்வதமலைக்கு ஆள் சேர்க்கிறார்கள், கவனம்

மலையேறிப் பழக்கமே இல்லாதவர்களைக் குறிவைத்து வார இறுதி ட்ரெக்கிங் நடத்தும் ஒரு குழுவிடம், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் பர்வதமலைக்குப் போக நானும் அக்காவும் பணம் கட்டி ஏமாந்தோம். அடுத்த பௌர்ணமிக்கும் அதே விளம்பரம் ஓடுகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ‘ஈஸி லெவல், முதல்முறை வருபவர்களுக்கு ஏற்றது, போக வர பத்து கிலோமீட்டர்கூட இல்லை.’ கூடவே பச்சைப் புல்வெளியில் ஆட்கள் நடந்துபோகும் படங்கள். அந்தப் புல்வெளி பர்வதமலையில் எங்குமே கிடையாது. அக்காவுக்கு 46 வயது, முழங்கால் வலி உண்டு. பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் இதைச் சொல்லிக் கேட்டோம். “பயப்படாதீங்க மேடம், சின்னப் பிள்ளைங்களே ஏறிடும்” என்று பதில் வந்தது.

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பாட்டிமார்கூட நடந்து முடித்துவிடுவார்கள், ஏனென்றால் பாதை சமம். பர்வதமலையில் தூரம் அதைவிடக் குறைவுதான், ஆனால் நடப்பதெல்லாம் மேல்நோக்கி. சமவெளியில் இருக்கும் அடிவாரத்தில் தொடங்கி, 4,500 அடிக்கு மேல் என்று சொல்லப்படும் உச்சிக்கு ஏற வேண்டும். தூரத்தை மட்டும் சொல்லி ஏற்றத்தை மறைத்தால் அது பாதித் தகவல்கூட இல்லை. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-லேயே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அதுவும் நல்ல உடல்வாகு உள்ளவர்களுக்கு, ஓய்வெடுக்கும் நேரத்தைச் சேர்க்காமல்.

முதலில் படிக்கட்டு. அப்புறம் கரடுமுரடான கற்பாதை. அதுவரை அக்கா சமாளித்துவிட்டார். கடைசிப் பகுதியில்தான் செங்குத்துப் பாறை வருகிறது. பாறையில் கடப்பாறைக் கம்பிகளை அடித்துச் சங்கிலி கோத்திருக்கிறார்கள், சில இடங்களில் இரும்பு ஏணி, தண்டவாளத் துண்டுகளால் ஆன படி. படிகளின் இடைவெளி வழியாகக் கீழே பள்ளம் தெரியும். பனியில் சங்கிலி ஈரமாக இருந்தது, பிடித்த கை வழுக்கியது. முன்னால் ஒருவர் நின்றால் பின்னால் வரிசையே நிற்கும், அந்தரத்தில் கம்பியைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் வந்த ஒரு கல்லூரிப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். உச்சிக் கோயிலில் இருக்கும் மல்லிகார்ஜுனரை நினைத்துக்கொண்டு வெறுங்காலில் ஏறும் பக்தர்கள்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக் கையைப் பிடித்து இறக்கினார்கள். அவர்களுக்கு அது எப்படிப்பட்ட மலை என்று தெரியும், தெரிந்து விரதமிருந்து வருகிறார்கள். அதை ‘ஈஸி’ என்று விற்பதுதான் தப்பு.

வழிகாட்டி என்று வந்த பையன் முன்னால் போனவர்களோடு போய்விட்டான். முதலுதவிப் பெட்டி இல்லை. அக்காவுக்கு முழங்கால் வீங்கி, பாதியிலேயே நாங்கள் இருவரும் தனியாக இறங்கினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ‘உங்க ஃபிட்னஸுக்கு நாங்க பொறுப்பில்லை’ என்று சொல்லி வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கும் மேல் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. இருந்தும் யாரைக் கூட்டிப்போகிறோம், எங்கே கூட்டிப்போகிறோம் என்று யோசிக்காமல் ஆள் சேர்ப்பது நிற்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

முதல்முறை போகிறவர்கள் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தைப் பாருங்கள். 2024-இல் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், காட்டை அறிந்த உள்ளூர் ஆட்களே கூட வருவார்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள். தனியார் குழுவோடுதான் போவது என்றால் ஏற்றம் எத்தனை மீட்டர், கம்பி பிடித்து ஏறும் இடம் உண்டா, வனத்துறை அனுமதி தேவையான பாதையா, நடுவில் முடியாமல் போனால் கூட யார் இறங்குவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள்.

நாங்கள் விளம்பரம், வாட்ஸ்அப் பதில், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். இதேபோல ‘ஈஸி’ என்று நம்பி வரும் பௌர்ணமிக்குப் பணம் கட்டியவர்கள் இப்போதே ரத்து செய்துவிட்டுப் பணத்தைக் கேளுங்கள். தராவிட்டால் நீங்களும் 1915-ஐ அழையுங்கள்.