நிறுத்தாமல் பார்க்க எது நல்லது: டிரேஸ்பாயின்ட், டிபிரின்ட்எஃப், எஸ்டபிள்யூஓ, ஆர்டிடி

ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வீசும்போது காற்றாலைக் கட்டுப்பாட்டு போர்டில் பிரேக்பாயின்ட் (புரோகிராமை ஒரு வரியில் நிறுத்திவைக்கும் குறி) வைத்தால், நிற்பது புரோகிராம் மட்டும்தான். இறக்கை சுற்றும், புரோகிராம் உறைந்தால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரும் எண்ணிக்கொண்டிருக்கும். எஸ்டிஎம்32 சிப்பில் டீபக் நேரத்தில் வாட்ச்டாகை நிறுத்தும் பிட்டை ஏற்றியிராவிட்டால், மதிப்பைப் படித்து முடிப்பதற்குள் போர்டு ரீசெட் ஆகிவிடும்.

ஜிடிபி என்னும் டீபக்கரின் டிரேஸ்பாயின்ட், புரோகிராமை நிறுத்திவைக்காமல் மதிப்புகளைச் சேகரிக்கவென்றே வந்தது. ‘டிரேஸ்’ கட்டளையில் வரி எண், ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் ‘கலெக்ட்’ போட்டு வேண்டிய மாறிகள், பிறகு ‘டிஸ்டார்ட்’. ஓடி முடிந்ததும் ‘டிஸ்டாப்’ கொடுத்து, ‘டிஃபைண்ட்’, ‘டிடம்ப்’ வழியாகப் புரட்டிப் பார்க்கலாம். சிக்கல் வேறிடத்தில்: போர்டுப் பக்கம் இருக்கும் ஜிடிபி சர்வர் இதை ஆதரிக்க வேண்டும். 64 பிட் ஆர்ம் லினக்ஸ் கேட்வேயில் ஜிடிபிசர்வர் ஓடினால் கவலையில்லை. லேப்டாப்பைச் சிப்போடு இணைக்கும் ஓபன்ஓசிடி மென்பொருள் வழியாக, எஸ்டிஎம்32-க்குள் இருக்கும் கார்டெக்ஸ் எம் ப்ராசஸரைத் தொட்டால், ‘இந்தக் கட்டளையை ஆதரிக்கவில்லை’ என்றே பதில் வரும். செட்டிங்கைத் துழாவிப் பயனில்லை.

அங்கே, குறித்த வரிக்கு வரும்போதெல்லாம் மதிப்பைத் திரையில் எழுதும் ஜிடிபியின் டிபிரின்ட்எஃப் வேலை செய்யும்; மறுபடி கம்பைல் செய்யவும் வேண்டாம். ஆனால் வழக்கமான முறையில் அது ஒவ்வொரு தடவையும் சிப்பை நிறுத்தி, யுஎஸ்பி வழியாக மதிப்பை வாங்கி, மறுபடி ஓடவிடுகிறது. அதற்கே சில மில்லிசெகண்ட் போய்விடும். நொடிக்கொரு முறை காற்றின் திசை பார்க்கும் இடத்தில் வைக்கலாம். 100 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை ஓடும் வேலையை இடைமறித்து வரும் இன்டரப்டில் வைத்தால் பார்க்க வந்த கோளாறே உருமாறிவிடும். கார்டெக்ஸ் எம்3, எம்4 சிப்பில் ஃபிளாஷுக்கு உள்ள ஹார்ட்வேர் பிரேக்பாயின்ட் ஆறே ஆறு. இதுவும் அதில் ஒன்றைத் தின்னும்.

புரோகிராமே சீரியல் போர்ட்டில் எழுதி அனுப்பும் பழைய பிரின்ட்எஃப்? நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு 87 மைக்ரோசெகண்ட். 40 எழுத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்டபிள்யூஓ, சிப் தன் மதிப்புகளை வெளியே அனுப்பும் ஒற்றைக் கம்பி. எஸ்டிஎம்32எஃப்103-ல் பிபி3 முனை. எஸ்டி-லிங்க் வி2 டீபக் அடாப்டர் அதிகபட்சம் 2 மெகாஹெர்ட்ஸ் வாங்கும். 32 பிட் மதிப்பு ஒன்று தலைப்போடு 5 பைட், அதாவது 25 மைக்ரோசெகண்ட். டிரேஸ் கிளாக் எண்ணை சிப்பின் உண்மையான கிளாக்கோடு பொருத்தாவிட்டால் திரையில் குப்பைதான். நேரக்குறியையும், ஒரு மாறியை எந்த வரி மாற்றுகிறது என்பதையும் ஹார்ட்வேரே சொல்ல வேண்டுமானால் இந்த நான்கில் இதற்கு மாற்றில்லை. எம்0 சிப்பில் இந்த வசதியே கிடையாது.

மற்றபடி எங்கள் கை முதலில் போவது ஆர்டிடி பக்கம். சிப்பின் ராமில் ஒரு வளையப் பஃபர் (கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து எழுதும் இடம்). சிப் எழுதும், டீபக்கர் ஓட்டத்தை நிறுத்தாமல் படிக்கும். எம்0-லும் ஓடும். பஃபர் இயல்பில் 1024 பைட்; ஓபன்ஓசிடி 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் எட்டிப்பார்க்கும். ஆகவே நொடிக்குச் சுமார் 10 கிலோபைட்டைத் தாண்டினால் செய்தி சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். இடைவெளியை 10 மில்லிசெகண்டாகக் குறையுங்கள், அல்லது பஃபரைப் பெரிதாக்குங்கள். ‘நிறைந்தால் காத்திரு’ முறைக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள்: கேபிளைக் கழற்றியதும் பஃபர் நிரம்பி போர்டு உறைந்துவிடும், அதுவும் கோபுரத்தின் உச்சியில்.

எதை எடுத்தாலும் முப்பந்தலில் டீபக் ஒயரை ஒரு சாணுக்குள் வையுங்கள். இணைப்பு அறுந்தால் அடாப்டர் வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். லேப்டாப்பை சார்ஜரில் செருகாமல் பேட்டரியில் ஓட்டுங்கள்.