4,800 ரூபாய்ச் செயலியும் 95 ரூபாய்ப் பதிவேடும்

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் கொடுத்தவனே "மாடு எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது பல்லைப் பார்க்காமல் என்ன செய்வது?

எங்கள் பள்ளியில் படித்து இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், போன மே மாதம் ஊருக்கு வந்தபோது "பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும் டீச்சர்" என்றான். இரண்டு மின்விசிறி கேட்டேன். மின்விசிறியை மாட்டிக் கொடுத்ததோடு, பிள்ளைகள் எவ்வளவு தூரம் கற்றிருக்கிறார்கள் என்று கண்காணிக்கும் தனியார் செயலி ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தாவும் கட்டிவிட்டான். முப்பது பிள்ளைகள் வரைக்கும் 4,800 ரூபாய். கல்வித் துறை கொடுத்திருக்கும் செயலி வேறு, நான் எழுதுவது அதைப் பற்றி இல்லை. இதன் பெயரையும் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி பத்து செயலிகள் சந்தையில் உலாவுகின்றன, எல்லாவற்றுக்கும் முகம் ஒன்றுதான். பத்து மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சந்தாவைப் புதுப்பிக்கட்டுமா என்று அவன் கேட்டிருக்கிறான். அவனுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் நீட்டி, என்னைப் போன்ற மற்ற தலைமை ஆசிரியர்களுக்காக இங்கே போடுகிறேன்.

எங்களுடையது திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. மொத்தம் 23 பிள்ளைகள். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம், நான்கும் ஐந்தும் உதவி ஆசிரியரிடம். பள்ளிக்குள் சிக்னல் கிடையாது. புங்கமரத்தடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால் இரண்டு கோடு வரும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

பிள்ளைகளின் அடைவைக் குறித்துவைப்பது எனக்குப் புதிது இல்லை. நான் வேலைக்கு வந்தது 1998இல். 2007 வாக்கில், பிள்ளை அட்டைகளை எடுத்துத் தானே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் எங்கள் பக்கமும் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரப்பினார்கள். அதில் எனக்குப் பிடித்தது, அட்டைகளைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டும், சுவரில் தொங்கிய ஏணிப் படம்தான். எந்த அட்டை முடிந்தது, அடுத்து முயல் படம் போட்ட அட்டையா, மயில் படம் போட்ட அட்டையா என்று பிள்ளையே பார்த்துத் தட்டிலிருந்து எடுத்து வந்துவிடும். முன்னேற்றத்தைக் கண்காணித்தது நான் இல்லை, அந்த ஏழு வயசுப் பிள்ளை. அப்புறம் வருடத்தை மூன்றாகப் பிரித்த முப்பருவ முறை வந்தது, பாடம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீடு, பருவ முடிவில் பார்க்கும் தொகுத்தறி மதிப்பீடு வந்தன. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறை. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்க, எழுத, கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு, 2025 வரை கெடு வைத்திருந்தார்கள். இத்தனையையும் பார்த்த பிறகுதான் இந்தச் செயலி என் கைக்கு வந்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பிள்ளை வாசிப்பதைப் பதிவு செய்து வைக்கும் வசதி ஒன்று இதில் இருக்கிறது. இது ஒன்றுக்காகவே பாதிப் பணம் கொடுக்கலாம். ஜூனில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'பட்டம்' என்ற சொல்லை 'ப... ட்... ட...' என்று தள்ளிக்கொண்டு போவதைப் பதிவு செய்தேன். பிப்ரவரியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். மதிப்பெண், விழுக்காடு எதையும் நான் சொல்லவில்லை. ஜூன் பதிவைப் போட்டேன், அடுத்தே ஜனவரிப் பதிவைப் போட்டேன். இரண்டாவதில் ஒரு பத்தி முழுக்க, நடுவில் ஒரே ஓர் இடத்தில் மூச்சு வாங்கிவிட்டு, கடகடவென்று ஓடுகிறது. "இன்னொரு தபா போடுங்க டீச்சர்" என்றார். மூன்று தடவை போட்டேன். 27 வருடமாகத் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து வாங்குகிறேன், எந்த அம்மாவும் அதை இன்னொரு தடவை காட்டச் சொன்னதில்லை.

ஆனால் அதே வாசிப்பைச் செயலியே கேட்டு, சரி தவறு பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று கணக்குப் போடுகிறது பாருங்கள், வம்பு அங்கேதான்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒரு சின்னப் பத்தி கொடுத்தேன். "மழை நின்றது. பாட்டி வாழைப்பழம் வாங்கி வந்தாள்" என்று தொடங்கும், பக்கத்தில் படமும் இருக்கும். அவன் வாசித்தது: "மய நின்னது. ஆயா வாயப்பயம் வாங்கி வந்தாள்." செயலி நான்கு சொல்லைச் சிவப்பாக்கிவிட்டது. 'மய'யும் 'வாயப்பயமும்' எங்கள் மாவட்டத்து நாக்கு. அவன் அப்பா, தாத்தா எல்லோருக்கும் ழகரம் அப்படித்தான் வரும். எழுத்தை அவன் சரியாகத்தான் படித்திருக்கிறான். 'நின்னது'ம் அப்படியே. ஆனால் 'பாட்டி' என்று அச்சடித்திருந்ததை 'ஆயா' என்று படித்தானே, அதுதான் விவகாரம். எங்கள் ஊரில் பாட்டி என்றால் ஆயாதான். அவன் எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தில் இருந்த கிழவியைப் பார்த்துச் சொல்லிவிட்டான். அவனுக்கு நான் அடுத்த வாரம் செய்ய வேண்டிய வேலை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது, படத்தை மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். செயலிக்கு நான்கும் ஒரே சிவப்பு.

"டீச்சர், ஏன் செவப்பா வருது?" என்று கேட்டான். போனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றேன். பொய் இல்லையே.

நிமிடத்துக்கு 60 சொல் என்பதைச் செயலி மூன்றாம் வகுப்பு இலக்காக வைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தெரியும். அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்காக மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுன் பாரத் திட்டத்தில் மூன்றாம் வகுப்புக்கு அந்த எண்தான் போட்டிருக்கிறது, பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எண்ணில் எனக்குச் சண்டை இல்லை. தமிழில் எது ஒரு சொல் என்பதில்தான் சண்டை. 'நாய்' ஒரு சொல், இரண்டு எழுத்து. 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல்தான். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், பதினான்கு எழுத்து. இரண்டுக்கும் செயலி ஒரே ஒரு புள்ளி வைக்கிறது. ஆகவே 'நாய் வந்தது, பூனை வந்தது' பத்தியைக் கொடுத்தால் என் பிள்ளைகள் எல்லோரும் சூரப்புலிகள். கொஞ்சம் நீளமான வினைச்சொல் வந்த பத்தியைக் கொடுத்தால் அதே பிள்ளைகள் அதே மாலையில் மெல்லக் கற்போர். எந்தப் பத்தி என்பதை நான்தான் தேர்ந்தெடுக்கிறேன். இலக்கை எட்ட வேண்டும் என்றால் எந்தப் பத்தியை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

கணக்கிலும் இதே கதைதான். 42இல் 17 போக எத்தனை? ஒருத்தி 35 என்றாள். இன்னொருத்தி 26. இரண்டும் தவறு, இருவருக்கும் 'கழித்தல்: அடையவில்லை' என்று வந்தது. முதல் பெண் இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டாள், அவளுக்குக் கடன் வாங்குவதே விளங்கவில்லை. அடுத்தவள் கடனெல்லாம் ஒழுங்காக வாங்கி, விரலை மடக்கும்போது ஒன்றைத் தவறவிட்டாள். ஒருத்திக்குக் குச்சிக்கட்டு எடுத்துப் பத்துப் பத்தாகப் பிரித்து ஒரு வாரம் உட்கார வேண்டும். இன்னொருத்திக்கு "மறுபடி எண்ணு கண்ணு" என்றால் போதும்.

சரி, இதெல்லாம் சின்னக் குறைகள். செயலி மேல் எனக்கு நம்பிக்கை போனது தை மாதத்தில்.

வருடத் தொடக்கத்தில் இலக்கு நிர்ணயிக்கச் சொல்லும். மூன்றாம் வகுப்பில் 80 விழுக்காடு பிள்ளைகள் மார்ச்சுக்குள் பத்தி வாசிக்க வேண்டும் என்று போட்டேன். மூன்றாம் வகுப்பில் ஆறு பேர். ஆறில் 80 விழுக்காடு 4.8 பிள்ளை. நான்கு முழுப் பிள்ளையும், ஐந்தாவது பிள்ளையில் ஏறத்தாழக் கால் போக மீதியும் என்று வைத்துக்கொண்டேன். டிசம்பர் முடிவில் நான்கு பேர் பத்தி வாசித்தார்கள். 67 விழுக்காடு, மஞ்சள் நிறம். மீதி இரண்டு பேரும் சொல் நிலையில் திக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே தெருப் பிள்ளைகள்.

பொங்கல் முடிந்த வாரம் அந்த இருவரின் குடும்பமும் செங்கல் சூளைக்குப் போய்விட்டது, திருவள்ளூர்ப் பக்கம். எங்கள் ஊரில் இது வருடா வருடம் நடப்பது. முன்பணம் வாங்கியிருப்பார்கள், போய்த்தான் ஆக வேண்டும். மழை தொடங்கிச் சூளை நின்ற பிறகுதான் திரும்புவார்கள். பதினைந்து நாள் கழித்துச் செயலி அந்த இரண்டு பெயரையும் காட்டி, 'நீண்ட நாள் வராதவர்' என்று குறிக்கட்டுமா என்று கேட்டது. உண்மைதானே என்று 'ஆம்' அழுத்தினேன்.

திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன. 'வாழ்த்துகள்! இலக்கை அடைந்துவிட்டீர்கள். மூன்றாம் வகுப்பு வாசிப்பு: 100%.' பச்சைப் பசேல்.

நான்கில் நான்கு. கணக்கு சரிதான். படிக்கத் தெரியாத இரண்டு பேரும் செங்கல் அறுக்கும் இடத்துக்குப் போனதால் என் பள்ளி இலக்கைத் தாண்டிவிட்டது. அன்று சாயங்காலமே அறிக்கை தானாகப் பெங்களூருக்கும் போய்விட்டிருக்கிறது. "டீச்சர் சூப்பர்! நூத்துக்கு நூறு!" என்று அவனிடமிருந்து செய்தி, கூடவே ஐந்து கைதட்டல் படம். அவன் மேல் தவறே இல்லை. பச்சையைப் பார்த்தால் யாருக்கும் கைதட்டத்தான் தோன்றும். அவனுக்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். இந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன்: உடனே எடுக்கிறார்கள், நல்ல தமிழில் பேசுகிறார்கள், பொறுமையாகக் கேட்கிறார்கள். போனவர்களையும் சேர்த்து விழுக்காடு காட்டும்படி மாற்ற முடியுமா என்றேன். "நோட் பண்ணிக்கிறோம் மேடம்" என்றார் அந்தத் தம்பி. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு சமயம் பதினொரு பிள்ளைகளின் பதிவு காணாமல் போனபோதும் இதையேதான் சொன்னார்கள். சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், வேலையும் செய்கிறது. ஆனால் புங்கமரத்தடிக்குப் போய் மேலேற்றும்போது பாதியில் நின்றால், ஏறியது எது, ஏறாதது எது என்று அதற்கே தெரிவதில்லை. பதினொரு பேரையும் மறுபடி உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று, "நேத்தே படிச்சேனே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டது.

இனி, செயலியோடு கூடவே நான் எழுதிவந்த, தலைப்பில் சொன்ன அந்தப் பதிவேடு. செங்கம் பேருந்து நிலையத்துக்கு எதிரே வாங்கியது, 192 பக்கம், நீளக் கட்டு, கோடு போட்டது, 95 ரூபாய். பிள்ளைக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் நான்கு கட்டம்: எழுத்து, சொல், பத்தி, கதை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் நடத்தும் 'அசர்' ஆய்வில் பிள்ளைகளிடம் நீட்டுவது இதே நான்கு படிதான். ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை, அவ்வளவே. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. எந்தத் தேதியில் எந்தப் படி ஏறியது என்று கட்டத்தில் எழுதுவேன். வலது பக்கம் காலி. 'படம் பார்த்துச் சொல்கிறான்', 'கடன் வாங்கத் தெரியவில்லை', 'பெங்களூரில் ஒரு வருடம் இருந்தவள், கன்னட எழுத்து கலக்கிறாள்' என்று தோன்றியதை எழுதுவேன். சூளைக்குப் போன இருவரின் பக்கத்தில் 'சூளை, தை 8. சொல் நிலை. ஒற்றெழுத்தில் தடுமாற்றம்' என்று இருக்கிறது. திரும்பி வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பதிவேட்டுக்கும் குறை உண்டு. என் கையெழுத்து எனக்கே சில நாள் புரியாது. நான் மாறுதலில் போனால் வருகிறவர் இதைத் திறப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மொத்தப் பள்ளியின் நிலை என்ன என்று வட்டாரக் கல்வி அலுவலர் கேட்டால் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணித்தான் சொல்ல வேண்டும். செயலி அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லும். அட்டை வேறு ஆறே மாதத்தில் பிய்ந்துவிட்டது, ஒட்டுநாடா போட்டு வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால், செயலிக்கு இரண்டரை, அதில் இரண்டு அந்தக் குரல் பதிவுக்கு. பதிவேட்டுக்கு நான்கு. தம்பிக்கு எழுதியது இதுதான்: சந்தாவைப் புதுப்பிக்க வேண்டாம்ப்பா. குரலைப் பதிவு செய்ய என் போனே போதும். அந்தப் பணத்தில் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிற மாதிரி படக்கதைப் புத்தகங்கள் வாங்கி அனுப்பு, படம் ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமுமாக இருந்தால் நல்லது.

இந்த மாதிரி செயலி வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று. முதல் மாதம் இலவசமாகத் தந்தால், அந்த மாதத்தில் நான்கு பொய்ப் பெயர்களைப் போட்டு, இரண்டு பேரைப் படிக்கத் தெரிந்தவர்களாகவும் இரண்டு பேரைத் தெரியாதவர்களாகவும் குறியுங்கள். பிறகு தெரியாத இருவரையும் நீக்கிப் பாருங்கள். பச்சை எரிந்து வண்ணக் காகிதம் பறந்தால், பணம் கட்டும் முன் இன்னொரு கடை பாருங்கள்.