கர்ப்பகால ஆப்: முன்பாதி நன்று, பின்பாதி சொதப்பல்
வாரா வாரம் குழந்தையின் வளர்ச்சியைக் காட்டும் இலவச ஆப் ஒன்று, பெயர் வேண்டாம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரம் என்று கணக்குப் போடுவதால், நாள் தள்ளிப்போனதுமே '4 வாரம் முடிந்தது' என்று வந்து நிற்கும், குழம்ப வேண்டாம், டாக்டர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். குமட்டல் பெரும்பாலும் 12-14 வாரத்தில் குறையத் தொடங்கும், முதல் அசைவு 16-லிருந்து 24 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தெரியலாம் என்று பயமுறுத்தாமல் சொல்லியிருப்பது அருமை.

கடைசி மூன்று மாதம்தான் மோசம். நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, பொய்வலி எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலே வரி! அசைவு குறைந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்ற முக்கியமான விஷயத்தை எங்கோ அடியில் ஒளித்துவிட்டு, மேலே குழந்தைத் தள்ளுவண்டி விளம்பரம். அப்புறம் வாரத்துக்கொரு பழத்தைக் காட்டி 'இவ்வளவு பெரிசு' என்பதும் சலிப்பு. 5-க்கு 3.