பிளேஃபேர் டிஸ்பிளேயா, கார்மரான்ட் காரமாண்டா?

அழகான செரிஃப் எழுத்துரு (எழுத்தின் முனைகளில் சிறு கால் போன்ற நீட்சிகள் உள்ள வகை) தேடுகிற பலரும் கடைசியில் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

விலை: இரண்டுமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வணிக வேலைக்கும் சேர்த்து.

தோற்றம்: பிளேஃபேர் 18ஆம் நூற்றாண்டு பாஸ்கர்வில் எழுத்துரு வழி வந்தது, தடித்த கோடும் மெல்லிய கோடும் பளிச்சென்று தெரியும். கார்மரான்ட் 16ஆம் நூற்றாண்டு காரமாண்ட் எழுத்துரு வழி. மெலிந்து, நளினமாக நிற்கும்.

அளவு: இங்கேதான் கவனம் தேவை. கார்மரான்ட்டின் சிறிய எழுத்துகள் ரொம்பவே குள்ளம். பிளேஃபேருக்கு 24 பாயின்ட் என்றால் இதற்கு 30 வையுங்கள். கார்மரான்ட்டின் லைட் (மெலிந்த) வடிவத்தைக் கறுப்புப் பின்னணியில் பொடியாக, வெள்ளையில் அச்சிட்டால் மெல்லிய கோடுகளை மை விழுங்கிவிடும்.

எண்கள்: பிளேஃபேரில் இயல்பாகவே எண்கள் ஏறி இறங்கி நிற்கும். மெனு கார்டில் 350, 475 என்று விலை போட்டால் வரிசை கோணலாகத் தெரியும். வடிவமைப்பு மென்பொருளின் ஓப்பன்டைப் (எழுத்துருவின் கூடுதல் வசதிகள்) அமைப்பில் லைனிங் எண்களுக்கு, அதாவது ஒரே உயரத்தில் நிற்கும் எண்களுக்கு மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

தமிழ் எழுத்து இரண்டிலும் கிடையாது. பக்கத்தில் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவை வைக்கலாம்.

போஸ்டர், தலைப்பு, லோகோவுக்கு பிளேஃபேர். தாராளமாக இடம் விட்டு வடிவமைக்கும் கல்யாண அழைப்பிதழுக்கு என் ஓட்டு கார்மரான்ட்டுக்கே. நீண்ட பத்திகளுக்கு இரண்டுமே வேண்டாம். இபி காரமாண்ட் என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள்.