15 நிமிடமா, 48 மணி நேரமா? போட்ட பதிவைத் திருத்த எந்தச் செயலி எவ்வளவு விடுகிறது

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் வாட்ஸ்அப் குழுக்கள் சூடுபிடித்துவிடும். முருகன் கோவில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் பந்தல் போடும் குழு ஒன்றில் நீங்கள் இருந்தால் தெரியும்: யார் எப்போது வருவது, யார் எத்தனை வெள்ளி (மலேசிய ரிங்கிட்) தருவது, மோர் யார் பொறுப்பு என்று பதிவுக்கு மேல் பதிவு. இதில் 'இரவு 7' என்று போட வேண்டிய இடத்தில் 'காலை 7' என்று போட்டுவிட்டால் எவ்வளவு நேரத்துக்குள் மாற்றலாம்? ஒவ்வொரு செயலியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் நேரக் கணக்கை மட்டும் பார்த்து எது நல்லது என்று முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். பழைய வாசகம் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

வாட்ஸ்அப் இந்த வசதியை 2023 மே மாதம் கொண்டுவந்தது. அனுப்பிய 15 நிமிடத்துக்குள் மாற்றலாம். பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்று விழும், முன்பு என்ன இருந்தது என்று காட்டாது. மாற்றியதற்குப் புதிய அறிவிப்பும் போகாது. அதாவது, முதல் நிமிடத்திலேயே படித்துவிட்டுப் போனவர் காலை 7 மணிக்கே வந்து நிற்பார். எழுத்துப்பிழைக்கு இந்த வசதி சரி. நேரம், இடம், தொகை மாறினால் புதுப் பதிவாகப் போட்டுவிடுவதே நல்லது.

15 நிமிடம் போதவில்லை என்று பலர் குறைப்படுவார்கள். எனக்கு அது போதும் என்றே படுகிறது. 'நான் 200 வெள்ளி தருகிறேன்' என்று ஒருவர் சொன்னது மறுநாள் 20 வெள்ளியாக மாறாது, இல்லையா? 'அனைவருக்கும் நீக்கு' என்பதற்கு மட்டும் இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. ஆனால் நீக்கினால் நீக்கிய தடம் அங்கே கிடக்கும், கேட்க நினைப்பவர் கேட்கலாம்.

வாட்ஸ்அப் தடுமாறுவது பெயர்ப் பட்டியலில். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பட்டியல்தான். முதல் ஆள் '1.' என்று தன் பெயரைப் போடுவார், அடுத்தவர் அதை அப்படியே நகலெடுத்து '2.' சேர்ப்பார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் நகலெடுத்தால் ஒரு பெயர் காணாமல் போய்விடும். அப்புறம் அந்த அக்கா கோபித்துக்கொள்வார். பட்டியல் ஒரு வாரம் ஓடும்; 15 நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும் பதிவால் இங்கே ஒரு பயனும் இல்லை.

டெலிகிராம் குழுவிலும் தனி அரட்டையிலும் 48 மணி நேரம் தருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இதில்தான் பயம் அதிகம். 'பந்தல் வாடகையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாமா?' என்று ஒருவர் கேட்க, பத்துப் பேர் 'சரி' என்று எழுதுகிறார்கள் என்று வையுங்கள். மறுநாள் அந்தக் கேள்வியில் 'வாடகையும் சாப்பாட்டுச் செலவும்' என்று சேர்த்தால், பத்து 'சரி'யும் புதுக் கேள்விக்குக் கொடுத்த சம்மதமாக நிற்கும். சாதாரண உறுப்பினர் பழைய வாசகத்தைப் பார்க்க வழியில்லை. பெரிய குழுக்களில் அட்மின்கள் மட்டும் சமீபத்திய நடவடிக்கைகள் பக்கத்தில் பார்க்கலாம், அதுவும் 48 மணி நேரம் வரைதான்.

அட்மின் மட்டும் பதிவு போட, மற்றவர்கள் படிக்கும் டெலிகிராம் சேனல் வேறு கதை. அங்கே அட்மின் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், அது தேவையும்கூட. தைப்பூசத்துக்காகப் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் புறப்பட்டால், வழி நெடுக உடையும் தேங்காய்களுக்கு நடுவே எந்தச் சந்திப்பை எப்போது தாண்டும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2017 முதல் தங்க ரதமும் சேர்ந்துகொண்டது. ரதம் எங்கே வந்திருக்கிறது என்பதை ஒரே பதிவில் போட்டு, அதை மேலே நிலையாக நிறுத்தி ('பின்' செய்து), மாற்றி மாற்றி எழுதுவதற்கு இதைவிட வசதி கிடையாது. பழைய வாசகத்தை அங்கே யாரும் தேடப்போவதில்லை.

பேஸ்புக்கில் காலக்கெடுவே இல்லை, ஆனால் திருத்த வரலாற்றை யாரும் திறந்து பார்க்கலாம். கோலாலம்பூரில் தீபாவளிக்கு வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர்கள் விலையைப் பேஸ்புக் பதிவாகப் போடுகிறார்கள். ஒரு போத்தல் 18 வெள்ளி என்று போட்டுவிட்டு, ஆர்டர் குவிந்ததும் 22 ஆக்கினால் பழைய 18 உள்ளேயே இருக்கும். எண்ணெய் விலை ஏறியது என்றால் விற்பவர் அதைச் சொல்லிவிட்டுத் திருத்தலாம், வாங்குபவர் சந்தேகம் வந்தால் சரிபார்க்கலாம். இரண்டு பக்கத்துக்கும் நியாயமான ஏற்பாடு இதுதான் என்பேன். என்ன, அந்த வரலாற்றைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

சிக்னல் செயலி 24 மணி நேரம் தருகிறது, ஒரு பதிவைப் பத்து முறை வரை மாற்றலாம். ஐபோனின் ஐமெசேஜில் 15 நிமிடம், ஐந்து முறை. இரண்டிலுமே பழைய வாசகம் தெரியும். அந்த வகையில் வாட்ஸ்அப்பை மிஞ்சிவிட்டன. ஆனால் பந்தல் குழுவின் பெரியம்மாக்களைச் சிக்னலுக்குக் கூட்டிக்கொண்டு போக என்னால் முடியாது.

ஆகவே பேச்சுக்கும் பண விஷயத்துக்கும் வாட்ஸ்அப், ரதம் எங்கே என்று சொல்ல டெலிகிராம் சேனல், விலைப் பட்டியலுக்குப் பேஸ்புக். பெயர்ப் பட்டியலை ஒரு கூகுள் ஷீட்டில் போட்டு இணைப்பை அனுப்பிவிடுங்கள். எதில் திருத்தினாலும், அதற்குள் வேறு குழுவுக்குப் பகிரப்பட்ட நகலும் ஸ்கிரீன்ஷாட்டும் மாறாது. எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் ஒரு மணி நேர அவகாசம் இருக்கிறது, வரலாறும் தெரிகிறது, ஆனால் மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும். திருத்துவதற்காக மட்டும் அந்தச் சந்தாவைக் கட்டுவதாக இருந்தால், அந்தப் பணத்தை மோருக்குக் கொடுத்துவிடலாம்.