ஒரே பெயரில் இரண்டு வைஃபை

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிப் பல ஆண்டுகளாகின்றன. இம்முறை ஊருக்கு வந்தபோது மதுரையில் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் நான்கு நாள் தங்கினேன். அறை சுத்தமாக இருந்தது, வெந்நீர் தடையின்றி வந்தது. குறை சொல்ல வேண்டியது வைஃபை பற்றித்தான்.

வரும் வழியில் எழும்பூர் நிலையத்தில் ரயில்வயர் என்னும் ரயில் நிலைய வைஃபை இணைப்பைப் பயன்படுத்தியிருந்தேன். அது கைப்பேசி எண்ணைக் கேட்டது, ஓடிபி அனுப்பியது, அவ்வளவுதான். (எண், வழியனுப்ப வந்த அத்தை மகனுடையது.) விடுதியிலோ ஒரே பெயரில் இரண்டு இணைப்புகள் தெரிந்தன, ஒன்றில் பூட்டுக் குறி இருந்தது, மற்றதில் இல்லை. பூட்டில்லாததைத் தொட்டதும் விடுதியின் பெயரோடு ஒரு பக்கம் திறந்து, ஜிமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டது.

கீழே சென்று வரவேற்பில் விசாரித்தேன். “சார், இந்தச் சீட்டுல இருக்கிற பாஸ்வேர்டு மட்டும்தான் எங்களோடது. ஜிமெயில் எல்லாம் நாங்க கேக்க மாட்டோம்” என்றார் அங்கிருந்த இளைஞர். மற்றது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை; அதற்காக அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

எனக்குக் கவலை வந்ததற்குக் காரணம் உண்டு. 2024 ஏப்ரலில் பெர்த் விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பையில் சிறிய வைஃபை கருவி ஒன்று சிக்கியது. விமானத்திலும் விமான நிலையங்களிலும் உண்மையான இணைப்பைப் போலவே பெயரிட்டு, சேர்பவர்களிடம் மின்னஞ்சல், சமூக வலைத்தளக் கடவுச்சொற்களைப் பறித்ததாக ஆஸ்திரேலியக் கூட்டாட்சிக் காவல்துறை அவர்மீது வழக்குத் தொடர்ந்தது. இன்று பெரும்பாலான தளங்களின் தகவல்கள், இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி எச்டிடிபிஎஸ் முறையில் மறையாக்கப்பட்டு வருவதால், நடுவில் அமர்ந்து ஒட்டுக்கேட்பது முன்போல் எளிதன்று. ஆனால் போலிப் பக்கத்தில் நாமே கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்துவிட்டால், எச்டிடிபிஎஸ் மட்டுமன்று, நம் இணையப் போக்குவரத்து முழுவதையும் மறைத்து அனுப்பும் விபிஎன்னும் காப்பாற்றாது.

அன்றிரவே அந்த இணைப்பைக் கைப்பேசியிலிருந்து நீக்கி, தானாகச் சேரும் அமைப்பையும் அணைத்தேன். ஏனெனில் ஒருமுறை சேர்ந்த திறந்த இணைப்பின் பெயரைக் கைப்பேசி நினைவில் வைத்துக்கொண்டு, அதே பெயரில் வேறெவர் விரித்தாலும் நம்மைக் கேளாமலே போய் ஒட்டிக்கொள்ளும். வங்கி வேலைகளை மட்டும் சிம் டேட்டாவில் முடித்தேன். ரோமிங் கட்டணம் வலித்தது, பரவாயில்லை.

நான்காம் நாள் அறையைக் காலி செய்தபோதும் பூட்டில்லாத அந்தப் பெயர் பட்டியலில் இருந்தது.