பார்ட்னர்ஷிப்பை விட்டு வந்த பிறகு நான் போய் நின்ற லாயர் ஆபீஸ் (ஐந்துக்கு நாலு)

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபோ பந்தாய் தெருவில் மாடியில் இருக்கும் சின்ன ஆபீஸ். கார் நிறுத்த இடம் கிடைக்காது, மோட்டார் சைக்கிளில் போய்விடுங்கள்.

நண்பரோடு சேர்ந்து நடத்திய கேட்டரிங் தொழிலை விட்டு 2022 கடைசியில் விலகினேன். ஒரு ஏஜென்ட் 150 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, 30 நாள் கெடுவுக்குள் மலேசியாவில் தொழில்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் என் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டு, இனி கடைக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அப்புறம் பட்டர்வொர்த் அரிசி வியாபாரியிடமிருந்து 8,400 வெள்ளி கேட்டு லாயர் கடிதம் வந்தது, அடுத்த வாரமே சமையல் கேஸ் தோம்பு (சிலிண்டர்) போடுபவரிடமிருந்து இன்னொன்று.

லாயர் மேடம் பில்களைத் தேதி பார்த்துப் பிரித்தார். நான் விலகுவதற்கு முந்தைய அரிசி பில்கள் என் கடன்தான், 1961 பார்ட்னர்ஷிப் சட்டம் 19-வது பிரிவு. "எல்லாக் கடனும் என் பொறுப்பு" என்று நண்பர் எழுதிக் கொடுத்த தாளைப் பெருமையாக நீட்டினேன். அதை வைத்து நண்பரிடம் கேட்கலாம், அரிசிக்காரரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருந்தால்தான் அவர் உங்களை விடுவார் என்று மேடம் திருப்பித் தந்துவிட்டார். சரி, நான் போன பிறகு வாங்கிய அரிசிக்கு? "நீங்க போனது எஸ்.எஸ்.எம்.முக்குத் தெரியும் தம்பி, அரிசிக்காரருக்குச் சொன்னீங்களா?" என்றார். சொல்லவில்லை. 38-வது பிரிவுப்படி, பழைய வியாபாரிக்குத் தகவல் போகும்வரை நாம் இன்னும் பார்ட்னர் என்றே அவர் எடுத்துக்கொள்ளலாமாம். அரசிதழ் அறிவிப்புகூட நம் கடையோடு முன்பு வியாபாரம் செய்யாதவர்களுக்குத்தான் செல்லும். கேஸ்காரர் மட்டும் நான் போன பிறகு வந்தவர், என்னைப் பார்ட்னராக அறியாதவர், அதனால் அந்தக் கடிதத்துக்கு அரைப் பக்கத்தில் பதில் போனது.

வழக்கு நடத்தலாம் என்று என்னை ஏற்றிவிட்டுப் பணம் பார்த்திருக்கலாம், செய்யவில்லை. அரிசிக்காரரிடம் பேசி 10 மாதத் தவணை வாங்கித் தந்தார், மற்ற வியாபாரிகளுக்கெல்லாம் நான் விலகிய தகவலைக் கடிதமாக அனுப்பினார். மொத்தம் 600 வெள்ளி. ஒரே குறை, மூன்று நாளில் முடியும் என்ற கடிதங்கள் வர இரண்டு வாரம் ஆனது, ஒவ்வொரு தடவையும் நான்தான் போன் அடிக்க வேண்டியிருந்தது.

பில் புத்தகத்தின் மேல் என் பெயர் இன்னும் அச்சாகி வருவதையும் அவர்தான் கண்டுபிடித்தார். தெரிந்தே விட்டுவைத்தால் அதுவே நாளைக்கு வினையாகும் என்றார். அன்றைக்குச் சாயங்காலமே நண்பர் கடைக்குப் போய் மிச்சமிருந்த ஏழு புத்தகத்தையும் தூக்கி வந்துவிட்டேன்.